முகச் சுருக்கமும் மருத்துவ ஊசியும்



வரலாறு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன போர்களும், முடிசூட்டு விழாக்களும், உடன்படிக்கைகளுமே. பாடநூல்கள் பெரும்பாலும் அவற்றையே பேசுகின்றன. ஆனால் அரியணைக்கு வரலாறு உண்டு என்றால் அடுப்பங்கரைக்கும் உண்டு. வாளுக்கு வரலாறு உண்டு என்றால் ஊசிக்கும் உண்டு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய ஓர் ஊசியின் வரலாறு. மனித முகத்தில் விழும் சுருக்கத்தையும் குழிவையும் மறைப்பதற்காகத் தோலின் கீழ் ஒரு பொருளைச் செலுத்தும் ஊசி அது.

‘இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? அழகை விரும்புவோர் கவலை அல்லவா இது?’ என்று நீங்கள் கேட்கலாம். பொறுத்துக் கேளுங்கள். ஒரு புதுமையை எப்போது நம்புவது, எப்போது காத்திருப்பது என்ற கேள்வி எல்லோருக்கும் உரியது. அக்கேள்விக்கு விடை தேடுவதற்கு இந்தச் சிறிய ஊசியின் வரலாற்றைப் போலத் தெளிவான பாடம் வேறு சிலவே உண்டு.

நகரங்களில் தோல் மருத்துவ நிலையங்களின் விளம்பரப் பலகைகளில் ‘ஃபில்லர்’ என்ற சொல்லை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். நிரப்பி என்பது அதன் பொருள். போட்டாக்ஸ் என்ற மருந்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர். இரண்டும் வேறு. போட்டாக்ஸ் தசையைத் தளர்த்துவது; நெற்றியைச் சுளிக்கும் தசை ஓய்ந்துவிட்டால் சுளிப்பால் விழும் கோடும் மறைகிறது. நிரப்பியோ தசையைத் தொடுவதில்லை. பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பி மேடாக்குகிறது.

பள்ளம் ஏன் விழுகிறது? நம் தோலில் மேல்தோல், அடித்தோல் என இரண்டு அடுக்குகள் உண்டு. அடித்தோலின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கொலாஜன் என்னும் புரத நாரே. அந்நார்களுக்கு இடையே ஹயலூரானிக் அமிலம் என்னும் கூழ்ப்பொருள் நீரைத் தன்னகத்தே பிடித்து வைத்துத் தோலுக்குச் செழுமை தருகிறது. தோலுக்குக் கீழே கொழுப்பும், அதற்குக் கீழே எலும்பும் உள்ளன. வயது ஏற ஏற நார்கள் தளர்கின்றன, கூழ் குறைகிறது, கொழுப்பு வற்றி இடம் பெயர்கிறது, எலும்பும் சிறிது தேய்கிறது. வெயிலும் புகையிலையும் இதனை விரைவுபடுத்துகின்றன. பழைய மெத்தையில் பஞ்சு அமுங்கிப் போனால் உறை தொய்ந்து மடிப்பு விழுகிறது அல்லவா? முகச் சுருக்கத்தின் ஒரு பாதி அதுதான். உறையை நீவிப் பயனில்லை. உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும். அந்தப் பஞ்சைத் தேடிய கதையே நிரப்பிகளின் வரலாறு.

வகுப்பில் எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பாடம் நடத்தினாலும் கரும்பலகையின் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதி வைப்பது என் வழக்கம். இன்றைக்கும் அவ்வாறே மூன்று கேள்விகளை மனத்தில் எழுதிக்கொள்வோம். முதலாவது: செலுத்தும் பொருள் யாது? இரண்டாவது: உடல் அப்பொருளை என்ன செய்கிறது? மூன்றாவது: தவறு நேர்ந்தால் மீள வழி உண்டா? இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு காலத்தைப் பின்னோக்கிப் பார்ப்போம்.

முதலில் கருவி வேண்டும். தோலின் கீழ் மருந்து செலுத்தும் ஊசிக்குழல் 1853ஆம் ஆண்டையொட்டி உருவாயிற்று. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் வுட், பிரான்சில் சார்லஸ் பிரவாஸ் ஆகிய இருவர் பெயரும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. வலி தணிக்கும் மருந்தைச் செலுத்தவே அது முதலில் பயன்பட்டது. ஆனால் ஒரு கருவி பிறந்துவிட்டால், அதை ஆக்கியவர் நினையாத வழிகளிலெல்லாம் அது நடக்கத் தொடங்கும்.

நிரப்பும் முயற்சியின் தொடக்கம் ஊசியால் அன்று, கத்தியால் ஆயிற்று. 1893ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் நொய்பர் என்பார், எலும்பைத் தாக்கிய காசநோயால் முகத்தில் குழிந்த தழும்பை உடைய ஒருவருக்கு, அவருடைய கையிலிருந்தே கொழுப்பைச் சிறு துண்டுகளாக எடுத்து அக்குழிவை நிரப்பினார். நம் மூன்று கேள்விகளை இங்கே கேட்டுப் பாருங்கள். பொருள், நோயாளியின் சொந்தக் கொழுப்பு. உடல் அதனை அயலாகக் கருதுவதில்லை. ஒரு பகுதியைக் கரைத்துக்கொள்கிறது, மறுபகுதியை உயிரோடு வைத்துக்கொள்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வெட்டி எடுக்க வேண்டும், தைக்க வேண்டும். எவ்வளவு நிலைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இதைவிட எளிய வழி ஒன்று கிடைக்காதா என்று மருத்துவர்கள் ஏங்கினர். அந்த ஏக்கத்தின் வாசலில் வந்து நின்றது மெழுகு.

1872ஆம் ஆண்டில் அமெரிக்கரான செஸ்ப்ரோ என்பார் மண்ணெண்ணெய்த் தொழிலின் கழிவிலிருந்து வாஸலின் களிம்பை எடுத்துக் காப்புரிமை பெற்றிருந்தார். வெண்மையானது, மணமற்றது, கெட்டுப்போகாதது. தோலின் மேல் தடவினால் தீங்கு செய்யாதது. அப்படியானால் தோலின் கீழ் வைத்தாலும் தீங்கு செய்யாது என்று நினைப்பது இயல்பே. 1899ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் ராபர்ட் கெர்சூனி, காசநோயின் பொருட்டு உறுப்பு ஒன்றை அகற்றிக்கொண்ட ஒரு நோயாளிக்கு அவ்வுறுப்பின் தோற்றத்தை மீட்டுத்தருவதற்காக வாஸலினை உருக்கி ஊசியால் செலுத்தினார். முடிவு திருப்தியாக இருந்தது. மறு ஆண்டு அதனை அவர் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அம்முறை பரவியது. சப்பை மூக்கை நிமிர்த்தவும், கன்னக் குழியை நிரப்பவும், நெற்றிச் சுருக்கத்தை மறைக்கவும் மெழுகு ஊசி பயன்பட்டது. வாஸலின் உடல் வெப்பத்தை ஒட்டியே இளகிவிடுகிறது என்று கண்டு, பெர்லின் மருத்துவர் எக்ஸ்டைன் மேலும் கூடிய வெப்பத்தில் உருகும் கடின பாரஃபினைப் பயன்படுத்தினார்.

இனி இரண்டாவது கேள்வி. உடல் மெழுகை என்ன செய்கிறது? உடலால் அதனைச் செரிக்க முடியாது. வெளியே தள்ளவும் முடியாது. ஆகவே அதனைச் சுற்றிக் கடினமான திசுவால் மதில் எழுப்புகிறது. மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ அவ்விடத்தில் கட்டி தோன்றுகிறது. தோல் சிவக்கிறது, புண்ணாகிறது. மெழுகு வைத்த இடத்தை விட்டு நகர்கிறது. ‘பாரஃபினோமா’ என்று மருத்துவ நூல்கள் அக்கட்டிக்குப் பெயரே இட்டுவிட்டன. சிலருக்கு ஊசி முனை இரத்தக் குழாயினுள் புகுந்தது. மெழுகு குருதியோடு சென்று நுரையீரலை அடைத்தது, சிலருடைய பார்வையைப் பறித்தது. மூன்றாவது கேள்விக்கு விடை இன்னும் கொடியது: மீள வழி இல்லை. தசையோடும் தோலோடும் பின்னிக்கிடக்கும் மெழுகை எடுக்க வேண்டுமானால் அவற்றையும் சேர்த்து அறுக்க வேண்டும்.

அக்காலத்தில் உலகமறிந்த ஒரு பெண்மணியின் வாழ்வு இதற்குச் சான்று. கிளாடிஸ் டீக்கன் என்பவர் 1881ஆம் ஆண்டில் பிறந்த அமெரிக்கச் செல்வக் குடும்பத்துப் பெண். பாரிஸ் நகரத்து ஓவியரும் எழுத்தாளரும் அவருடைய அழகையும் அறிவையும் வியந்து போற்றினர். அவருடைய மூக்கின் பாலத்தில் சிறிய பள்ளம் ஒன்று இருந்தது. கிரேக்கச் சிலைகளைப் போல நெற்றியும் மூக்கும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்று அவர் விரும்பினார். 1903ஆம் ஆண்டில், தம் 22ஆம் வயதில், பாரஃபின் மெழுகை அவ்விடத்தில் செலுத்திக்கொண்டார். மெழுகு அங்கே நிற்கவில்லை. காலப்போக்கில் கீழே இறங்கித் தாடைவரை சென்று முகத்தின் வடிவையே கெடுத்தது. 1921ஆம் ஆண்டில் அவர் மார்ல்பரோ கோமகனை மணந்து பிளென்ஹைம் மாளிகையின் தலைவியானார். 1928ஆம் ஆண்டில் அம்மாளிகையின் முகப்பு மண்டபத்துக் கூரையில் அவருடைய நீலக் கண்கள் ஓவியமாகத் தீட்டப்பட்டன. இன்றும் அங்கே செல்வோர் அவற்றைக் காணலாம். பின்னாளில் அவர் மக்களை விட்டு விலகித் தனித்து வாழ்ந்து 1977ஆம் ஆண்டில் காலமானார். மெழுகைச் செலுத்தச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். அதன் விளைவை அவர் சுமந்தது 74 ஆண்டுகள்.

நண்பர்களே, அவரைச் செருக்குடையவர் என்று ஏளனம் செய்ய வேண்டா. அவர் நாடியது போலி மருத்துவத்தை அன்று. அந்நாளைய மருத்துவ இதழ்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு முறையையே. கெர்சூனியின் வெளியீட்டுக்கும் அவருடைய ஊசிக்கும் இடையே மூன்றே ஆண்டுகள். நன்மை அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தது. தீமை வெளிப்படுவதற்கு வேண்டிய காலம் இன்னும் கடக்கவில்லை. இதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தியின் உயிர்நிலை: உடலுக்குள் வைக்கும் பொருளின் நன்மை நாட்களில் தெரியும், தீமை ஆண்டுகளில் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தில்தான் விளம்பரம் வாழ்கிறது.

1911ஆம் ஆண்டில் கோலே என்ற அமெரிக்க மருத்துவர் தம் நூலில் மெழுகு ஊசியால் விளையும் கேடுகளை வரிசைப்படுத்தி எழுதினார். மேலைநாடுகளில் 1920களுக்குள் அம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. கிழக்காசிய நாடுகள் சிலவற்றில் அதன் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. ஓரிடத்தில் கற்ற பாடம் மற்றோரிடத்துக்குத் தானாகப் பயணம் செய்வதில்லை. யாரேனும் சுமந்து செல்ல வேண்டும்.

பாடத்தைக் கற்றவர்களும் அதனை முழுமையாகக் கற்றார்களா? இல்லை. மெழுகு தீயது என்று கற்றார்கள். அழியாப் பொருளை உடலுக்குள் வைப்பது தீயது என்று கற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைகளில் பெரிதும் பயன்பட்ட சிலிக்கோன் என்னும் பொருள் அடுத்து வந்தது. அது வெப்பத்துக்கு அஞ்சாது, வேதிப்பொருள்களோடு எளிதில் வினைபுரியாது. ‘வினைபுரியாத பொருள் உடலையும் வருத்தாது’ என்று எண்ணினர். போருக்குப்பின் ஜப்பானிலும், பிறகு அமெரிக்காவிலும் திரவச் சிலிக்கோனைப் பெண்களின் உடலிலும் முகத்திலும் செலுத்தும் வழக்கம் பரவியது. மீண்டும் அதே கதை: கட்டிகள், புண்கள், இடப்பெயர்ச்சி, நுரையீரல் அடைப்பு, சில உயிரிழப்புகள். 1960களின் நடுவில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதனை மருந்து என்று வகைப்படுத்திக் கட்டுப்படுத்த முற்பட்டது. 1970களில் நெவாடா மாநிலம் அதனைச் செலுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் அதே சிலிக்கோன் எண்ணெய், விலகிய விழித்திரையை இடத்தில் நிறுத்துவதற்காகக் கண் மருத்துவத்தில் 1990களில் இசைவு பெற்றது. ஆகவே பொருள் நல்லதா தீயதா என்று கேட்டால் போதாது; எந்த இடத்தில், எந்த நோக்கத்துக்காக, யார் கையால் என்றும் கேட்க வேண்டும்.

இவ்வாறு எழுபது, எண்பது ஆண்டுகள் அழியாப் பொருளின் பின்னே ஓடிக் களைத்தபின் அறிவியல் திசை மாறியது. ‘உடலுக்கு அயலான பொருளை ஏன் தேட வேண்டும்? தோலில் குறைந்த பொருள் எதுவோ அதையே திரும்ப வைத்தால் என்ன?’ என்ற எண்ணம் பிறந்தது. 1970களில் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் கொலாஜனை ஊசியில் அடைக்கும் வழியை ஆராய்ந்தனர். மாட்டுத் தோலிலிருந்து எடுத்துத் தூய்மை செய்யப்பட்ட கொலாஜன் ‘ஸைடெர்ம்’ என்ற பெயரில் 1981ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் இசைவைப் பெற்றது. அது சில மாதங்களில் கரைந்துபோகும். வணிகர்க்கு அது குறை; நோயாளிக்கோ அதுவே காப்பு. ஆயினும் மாட்டின் புரதம் மனித உடலுக்கு முற்றிலும் உறவன்று. நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு ஒவ்வாமை கண்டது. ஆகவே முதலில் முன்கையில் சிறிது செலுத்திச் சில வாரங்கள் காத்திருந்து, தோல் சிவக்காவிட்டால்தான் முகத்தில் செலுத்தினர். மெழுகு நாளில் இல்லாத ஒரு பழக்கம் இங்கே மருத்துவத்துள் நுழைந்திருப்பதைக் கவனியுங்கள். அதன் பெயர் காத்திருத்தல்.

இதற்கிடையே வேறோர் ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. 1934ஆம் ஆண்டில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும், மாட்டின் விழிக்குள் நிறைந்திருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு ஹயலூரானிக் அமிலம் என்று பெயரிட்டனர். முன்னே தோலின் கூழ் என்று நாம் பார்த்தது இதுவே. எழுபது கிலோ எடையுள்ள மனிதனின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் அளவுக்கு இது இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் நாள்தோறும் அழித்துப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது என்று கணக்கிட்டுள்ளனர். எல்லா உயிரினங்களிலும் இதன் வேதி அமைப்பு ஒன்றே. ஆகவே நன்கு தூய்மை செய்யப்பட்டால் ஓர் உயிரினத்தின் அமிலத்தை மற்றோர் உயிரினத்தின் உடல் அயலாகக் கருதுவது அரிது.

ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஜ் என்னும் அறிஞர் தம் வாழ்நாளையே இந்தக் கூழுக்கு அளித்தார். 1942ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை கோரியபோது சொன்ன பயன் எது தெரியுமா? ரொட்டிக்கடைகளில் முட்டை வெண்கருவுக்கு மாற்றாக இதனைப் பயன்படுத்தலாம் என்பதே! பிற்காலத்தில் அவர் சேவற்கொண்டையிலிருந்து இதனை மிகத் தூய நிலையில் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார். 1970களில் பந்தயக் குதிரைகளின் மூட்டு நோய்க்கு இது பயன்பட்டது. 1980ஆம் ஆண்டையொட்டிக் கண்புரை அறுவையின்போது விழியின் மென்மையான உட்பரப்பைக் காக்கும் கூழாக மருத்துவத்துக்கு வந்தது. பின்னர் மனிதரின் தேய்ந்த முழங்கால்களுக்கும் வந்தது.

முகத்துக்கு வருவதில் ஒரு தடை இருந்தது. தோலில் செலுத்திய இக்கூழை உடல் ஓரிரு நாட்களில் அழித்துவிடும். அதன் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்து வலைபோல் ஆக்கினால் அழிவு தாமதமாகும் என்று கண்டனர். ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரத்து நிறுவனம் ஒன்று, விலங்கிலிருந்து எடுக்காமல் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதித்தல் முறையில் இந்த அமிலத்தை உண்டாக்கி, பிணைத்து, ‘ரெஸ்டிலேன்’ என்ற பெயரில் வெளியிட்டது. ஐரோப்பாவில் 1996ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டிலும் அது இசைவு பெற்றது. பொருளைக் கண்டறிந்த 1934ஆம் ஆண்டிலிருந்து முகச் சுருக்கத்துக்கு அது வந்த 1996ஆம் ஆண்டுவரை எண்ணிப் பாருங்கள்: 62 ஆண்டுகள். அவ்வளவு காலமும் குதிரையின் மூட்டிலும் மனிதரின் கண்ணிலும் அது தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. மெழுகு எழுதிய தேர்வு எத்தனை ஆண்டு என்பதை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வியையும் கேட்போம். மீள வழி உண்டா? இங்கேதான் வரலாற்றின் அழகிய தற்செயல் ஒன்று நிகழ்ந்தது. 1928ஆம் ஆண்டில் டுரான் ரேனால்ஸ் என்ற ஆய்வாளர், திசுக்களுக்குள் பொருள்கள் எளிதில் பரவுமாறு வழி திறந்துவிடும் ஒரு சத்தைக் கண்டிருந்தார். அது ஹயலூரானிக் அமிலத்தைக் கரைக்கும் நொதி என்பது பின்னர் விளங்கிற்று. ஹயலூரானிடேஸ் என்பது அதன் பெயர். பூட்டு செய்வதற்கு முன்பே சாவி கிடைத்துவிட்டது போல! ஊசியின் முடிவு பிடிக்காவிட்டாலும், கூழ் தவறான இடத்துக்குச் சென்றாலும், அந்நொதியைச் செலுத்திக் கரைக்கலாம். மெழுகுக்கும் சிலிக்கோனுக்கும் இந்த வாய்ப்பு ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த ஊசியால் அழகு நாடுவோர்க்கு மட்டுமே பயன் என்று எண்ணுதலும் பிழை. 1996ஆம் ஆண்டையொட்டி எச்.ஐ.வி. நோய்க்குக் கூட்டு மருந்துகள் வந்தன. சாவின் வாயிலில் இருந்தோர் பிழைத்தெழுந்தனர். ஆனால் அம்மருந்துகளில் சில, முகத்துக் கொழுப்பை உருக்கிக் கன்னங்களைக் குழிவித்தன. நோயை மறைத்து அமைதியாக வாழ விரும்பியவரின் முகமே அவருடைய நோயைத் தெருவில் அறிவிக்கத் தொடங்கிற்று. சிலர் வேலையையும் சுற்றத்தையும் அஞ்சி ஒடுங்கினர். கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிலாக்டிக் அமிலத்தைக் கொண்டு செய்த நிரப்பிக்கு 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவர்களுக்காகவே இசைவு தரப்பட்டது. அது குழியை அடைப்பதோடு, உடலைத் தூண்டித் தன் கொலாஜனைத் தானே ஆக்கச் செய்கிறது. முகக் குழிவால் மனச்சோர்வுற்ற இந்நோயாளிகளுக்கு அச்சிகிச்சையின் செலவை ஏற்க 2010ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு முன்வந்தது. நொய்பரின் முதல் நோயாளி நினைவுக்கு வருகிறாரா? நோய் தின்ற முகத்தை மீட்டுத்தருவதில் தொடங்கிய கலை, நூறு ஆண்டு சுற்றி மீண்டும் அவ்விடத்துக்கே வந்தது.

அப்படியானால் கதை இனிதே முடிந்ததா? முடியவில்லை. பொருள் நல்லதாயினும் ஊசி ஊசியே. மூக்கின் அருகிலும் புருவங்களின் நடுவிலும் ஓடும் சிறு தமனிகள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு தொடர்புடையவை. அவற்றுள் ஒன்றில் கூழ் புகுந்து, அழுத்தத்தால் பின்னோக்கிச் சென்று விழித்திரையின் குருதியை அடைத்தால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்வை மீளாதவாறு போய்விடக்கூடும். நொதியைச் செலுத்தியும் பலருக்குப் பார்வை திரும்பவில்லை. இது மிக அரிதே. ஆனால் அரிது என்பது இல்லை என்பதன்று. 2015ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த ஆபத்தைக் குறித்து எச்சரித்தது. 2021ஆம் ஆண்டில், வீட்டிலேயே அழுத்திக்கொள்ளும் ஊசியில்லாப் பேனாக் கருவிகளைப் பயன்படுத்தவே வேண்டா என்று அறிவித்தது. சில மாதங்களில் கரையும் என்று கருதப்பட்ட கூழ், சிலருடைய முகத்தில் பல ஆண்டுகளுக்குப் பின்னும் இருப்பதை அண்மைக்கால ஊடுருவிப் படங்கள் காட்டியுள்ளன. ஆகவே இப்பொருளும் தன் தேர்வை இன்னும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது? 2013ஆம் ஆண்டில் சர் புரூஸ் கியோ தலைமையில் இங்கிலாந்தில் ஆராய்ந்த குழு, இத்தகைய சிகிச்சை பெறுவோருக்கு உள்ள பாதுகாப்பு, கடையில் பேனாவோ பல் தூரிகையோ வாங்குவோருக்கு உள்ளதைவிட மிகுதியன்று என்ற கருத்தைச் சொல்லி எச்சரித்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, 18 வயது நிரம்பாதவருக்கு அழகின் பொருட்டு நிரப்பி ஊசி போடுவது இங்கிலாந்தில் குற்றமாயிற்று. அமெரிக்க நிர்வாகம் தான் இசைவளித்த நிரப்பிகளை 22 வயது நிரம்பியோருக்கே உரியன என்கிறது. 22 என்றவுடன் உங்களுக்கு கிளாடிஸ் அம்மையாரின் வயது நினைவுக்கு வந்திருக்கும். இவ்விதி அன்று இருந்திருந்தாலும் அவரைத் தடுத்திராது! வயது வரம்பு சிறுவரைக் காக்கும். மிகுதியானவரைக் காப்பது கேள்வி கேட்கும் பழக்கம் ஒன்றே.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பெரும்பாலோர் முகத்தில் இன்னும் ஒரு கோடும் விழுந்திராது. அறுபதைக் கடந்த என் முகத்தில் பல உண்டு. அவற்றோடு எனக்குப் பகை இல்லை. மற்றொருவர் தம் முகத்தை மாற்ற விரும்பினால் அதில் குறுக்கிட எனக்கு உரிமையும் இல்லை. நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது வேறு. நாளை உங்கள் கைப்பேசித் திரையில் ஒரு முகம் தோன்றி, முன்பு இப்படி, பின்பு அப்படி என்று இரண்டு படங்களைக் காட்டும். அந்த இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள காலம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு வாரமா, ஒரு மாதமா? அப்படியானால் மூன்றாவது படம் எங்கே என்று கேளுங்கள். பத்தாம் ஆண்டின் படம், இருபதாம் ஆண்டின் படம் எங்கே? கெர்சூனியின் காலத்திலும் முதல் இரண்டு படங்கள் அழகாகவே இருந்தன.

இது முக அழகுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. புது மருந்துக்கும் உரியது, புது உரத்துக்கும் உரியது, புதுக் கருவிக்கும் உரியது. புதுமையை வெறுப்பவன் மேயரையும் பலாஜையும் இழப்பான். கண்புரையால் மங்கிய கண்களும் குழிந்த கன்னங்களும் அவனால் மீளா. புதுமையை உடனே தழுவுபவன் மெழுகைச் சுமப்பான். இரண்டுக்கும் நடுவே உள்ள வழி, பொருள் யாது, உடல் அதனை என்ன செய்கிறது, மீள வழி உண்டா என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பது. ஒரு சிறு ஊசி நூற்று முப்பது ஆண்டுகளில் பலருடைய முகங்களைப் பலிகொண்டு கற்ற பாடம் இது. அதனை விலையின்றிப் பெறும் நல்வாய்ப்பு வரலாறு படிக்கும் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.